மாலர் வாசித்தது இதுதானா? நூறு வயது பியானோக்களுக்கு நடக்கும் 'செவி வைத்தியம்'

ஆளே இல்லாமல் வாசிக்கும் பழைய பியானோ, அதைவிடப் பழைய இசைச் சுருள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும்?

குஸ்தாவ் மாலர். மேற்கத்திய இசையின் மாபெரும் பெயர்களில் ஒன்று. 1911-ல் இறந்துபோன அவரது வாசிப்பைப் பதிவுசெய்த ஒரு கிராமபோன் தட்டுகூட உலகில் கிடையாது. ஆனாலும், அவர் பியானோ வாசித்ததை இன்று நாம் கேட்கலாம்!

அதற்குக் காரணம் நான்கு காகிதச் சுருள்கள். 1905 நவம்பர் 9 அன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாலர் ஒரு விசேஷமான பியானோவின் முன் அமர்ந்தார். தன் ஐந்தாவது சிம்பொனியின் முதல் பகுதியையும், தன் பாடல்கள் சிலவற்றையும் வாசித்தார். அவர் விரல் பட்ட கட்டைகள் ஒவ்வொன்றும் காகிதத்தில் துளைகளாக மாறின. அந்தத் துளைகளைப் படிக்கும் பியானோ ஒன்று இருந்தால் போதும், மாலர் மறுபடி வாசிப்பார்.

கேட்க மந்திரம் மாதிரி இருக்கிறதல்லவா? சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. அந்த பியானோ சரியாக இல்லை என்றால், மாலர் தப்பாக வாசிப்பார். கேட்கிறவர்களோ, "ஓ, மாலர் இப்படித்தான் வாசிப்பார்போல" என்று நினைத்துக்கொள்வார்கள். மறுத்துச் சொல்ல அவரும் இல்லை, வேறு பதிவும் இல்லை.

உலகெங்கும் இந்தப் பழைய பியானோக்களைப் பழுதுபார்ப்பவர்கள் ஒரு துருத்தியின் கசிவுக்காகப் பல நாள் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

துளை, காற்று, துருத்தி

சரி, காகிதத்தில் இருக்கும் ஓட்டை எப்படி இசையாகிறது?

காஞ்சிபுரத்தில் பட்டுத்தறியின் மேல் தொங்கும் ஜக்கார்டு அட்டைகளைப் பார்த்திருக்கிறீர்களா? அட்டையில் துளை இருக்கும் இடத்தைப் பொறுத்து இழை மேலே தூக்கப்படும், சேலையில் பூவும் மயிலும் விழும். ஏறக்குறைய அதே யோசனைதான் இங்கேயும். ஆனால், பியானோவில் வேலை செய்வது காற்று.

பியானோவுக்குள் ஒரு பித்தளைச் சட்டம் இருக்கும். அதில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். அதன் மேல் காகிதச் சுருள் நகர்ந்துகொண்டே போகும். காகிதத்தின் துளையும் சட்டத்தின் ஓட்டையும் சந்திக்கும் நொடியில், குழாய் வழியாகக் காற்று உள்ளே போய் ஒரு மெல்லிய தோல் பையை உப்பச் செய்யும். அது ஒரு வால்வைத் திறக்கும். உடனே அந்தக் கட்டைக்கான சிறிய துருத்தி உறிஞ்சப்பட்டுச் சுருங்கும். சுருங்கும் வேகத்தில் சுத்தியல் எழுந்து கம்பியை அடிக்கும். ஹார்மோனியத் துருத்தி காற்றை வெளியே தள்ளும். இது உள்ளே உறிஞ்சும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுவரை சாதாரணத் தானியங்கி பியானோவின் கதை. 1923-ல் அமெரிக்காவில் தயாரான பியானோக்களில் பாதிக்கும் மேல் இப்படித் தானாக வாசிக்கும் வகைதான். ஆனால், இவை எல்லா சுரங்களையும் ஒரே அழுத்தத்தில் அடிக்கும். மென்மை, அழுத்தம், ஏற்றம், இறக்கம் எல்லாம் வீட்டில் பெடல் மிதிப்பவரின் திறமையைப் பொறுத்தது.

அந்தக் குறையையும் தீர்த்ததுதான் 'ரிப்ரொடியூசிங் பியானோ'. வாசித்தவரின் சத்த வேறுபாடுகளையும் சேர்த்துத் திரும்பத் தரும் கருவி. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரைச் சேர்ந்த எட்வின் வெல்ட்டேவும் கார்ல் போக்கிஷும் 1904-ல் 'வெல்ட்டே-மிக்னான்' என்ற பெயரில் இதை உருவாக்கினார்கள். அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்காவில் 'ஆம்பிக்கோ', 'டியோ-ஆர்ட்' என்று இரண்டு போட்டியாளர்கள் வந்துவிட்டார்கள்.

வந்து வாசித்தவர்களின் பட்டியல் மலைக்க வைக்கும். டெபுஸி, ராவெல், கிரீக், ராக்மானினோஃப், பதரெவ்ஸ்கி... 1824-ல், அதாவது பீத்தோவன் உயிரோடு இருந்த காலத்தில் பிறந்த கார்ல் ரைனெக்கே வரை இந்தச் சுருள்களில் இருக்கிறார்.

மூன்று கம்பெனி, மூன்று பாஷை

மெதுவாக அடி, பலமாக அடி என்று ஒரு காகிதம் எப்படிச் சொல்லும்? சுருளின் இரு ஓரங்களிலும் சுரத்துக்குச் சம்பந்தமில்லாத சில துளைகள் இருக்கும். அவை உறிஞ்சும் விசையைக் கூட்டிக் குறைக்கும். விசை அதிகமானால் சுத்தியல் வேகமாகப் போகும், சத்தம் கூடும். இதில் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தனி பாஷையே வைத்திருந்தது.

டியோ-ஆர்ட்டின் பாஷை நம் வீட்டு எடைக்கற்கள் மாதிரி. 1, 2, 4, 8 என்று நான்கு படிகள். எந்தெந்தத் துளை திறக்கிறதோ, அவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 1-ம் 4-ம் திறந்தால் 5. எதுவுமே திறக்காவிட்டால் பூஜ்யம். ஆக, பூஜ்யம் முதல் 15 வரை மொத்தம் 16 நிலைகள். கம்ப்யூட்டர் பரவலாவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இரும எண் கணக்கு! மெட்டுக்கு ஒரு தொகுதி, பக்கவாட்டு இசைக்கு ஒரு தொகுதி என இப்படி இரண்டு.

ஆம்பிக்கோவில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனியே படிகள் உண்டு. அதற்கு மேல், சத்தத்தை ஒரே சீராக ஏற்றி இறக்கும் 'கிரெசண்டோ' அமைப்பும் உண்டு.

வெல்ட்டேவின் வழி வேறு. அதில் படிகள் கிடையாது. ஒரு துருத்தி மெல்ல நகரும். நகர நகர சத்தம் கூடும் அல்லது குறையும். எவ்வளவு நேரம் நகர்கிறது, வேகமாகவா மெதுவாகவா என்பதுதான் கணக்கு. நடுவில் ஒரு கொக்கி, 'மிதமான சத்தம்' என்ற இடத்தில் அதைப் பிடித்து நிறுத்தும்.

இதில் எது சீக்கிரம் கெடும் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். டியோ-ஆர்ட்டில் ஒரு படி பிசகினால், அந்தப் படி வரும் இடங்கள் மட்டும்தான் பிசகும். வெல்ட்டேயில் துருத்தி நகரும் வேகம் கொஞ்சம் மாறினாலும், அடுத்த முறை கொக்கியில் மாட்டும்வரை வரும் சத்தம் எல்லாமே தடம் மாறும். மெல்ல உருக வேண்டிய இடத்தில் பியானோ அதட்டும்!

வயசானால் என்ன ஆகும்?

இந்த பியானோக்களுக்கு இப்போது வயது ஏறக்குறைய நூறு. உள்ளே இருப்பது தோல், ரப்பர் பூசிய துணி, ரப்பர் குழாய், பசை, மரம். ரப்பர் இறுகி உடையும். தோல் பை காய்ந்து காற்றைக் கசியவிடும். சில கருவிகளில் இருக்கும் ஈயக் குழாய்களின் உள்ளே வெண்மையான தூள் படியும். துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்கள் வீங்கி வெடிக்கும். காகிதத் தூசி பித்தளைச் சட்டத்தின் ஓட்டைகளை அடைக்கும்.

கசிவு ஏற்பட்டால் முதலில் போவது மென்மைதான். பலமான சத்தத்துக்கு வேண்டிய விசை எப்படியும் கிடைத்துவிடும். ஆனால் மிக மெல்லிய சுரத்தை அடிக்க, சுத்தியலை எழுப்ப மட்டுமே போதுமான விசை இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் சுரம் விழாது. "மெட்டில் ஓட்டை விழுகிறதே" என்று பயந்து, பலர் மொத்த விசையையும் ஏற்றி வைத்துவிடுவார்கள். சுரம் எல்லாம் விழும். ஆனால், ரகசியம் பேசிய இடமெல்லாம் கூச்சலாகிவிடும்.

'தானியங்கி பியானோ என்றால் உயிரில்லாமல் டமடமவென்று அடிக்கும்' என்ற பெயர் வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. குறை சுருளில் இல்லை. கருவியின் பராமரிப்பில் இருந்தது.

தண்ணீர்க் குழாயில் பார்க்கும் நாடி

சிகிச்சையை எங்கிருந்து தொடங்குவது? அனுபவசாலிகள் முதலில் பியானோவைத்தான் பார்ப்பார்கள், தானியங்கி அமைப்பை அல்ல. சுத்தியலின் கம்பளி இறுகிப்போயிருக்கிறதா? கட்டைகள் சீராக இறங்குகின்றனவா? கையால் வாசித்தாலே மென்மையாக ஒலிக்காத பியானோவைக் காற்று மட்டும் எப்படி மென்மையாக வாசிக்கும்?

அடுத்து தோல், துணி, குழாய் எல்லாம் புதிதாகும். அப்போது சாதாரண மரவேலைப் பசையைத் தவிர்த்து, பழைய மாதிரி விலங்குப் பசையையே பலர் பயன்படுத்துகிறார்கள். காரணம், ஐம்பது வருஷம் கழித்து இன்னொருவர் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். விலங்குப் பசை சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுக்கும்.

பிறகுதான் அளவெடுப்பு. உறிஞ்சும் விசையை அளக்க, 'யு' வடிவக் குழாயில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் எளிய முறையே இன்றும் அடிப்படை. ஒரு முனையை பியானோவோடு இணைத்தால், தண்ணீர் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்பதே கணக்கு. மிக மெல்லிய வாசிப்புக்கு 5, 6 அங்குலம் போதும். முழுச் சத்தத்துக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

இதற்காகவே கம்பெனிகள் அந்தக் காலத்தில் 'சோதனைச் சுருள்' வெளியிட்டிருக்கின்றன. அதில் பாட்டு இருக்காது. பூஜ்ய விசையில் சுரங்களை வரிசையாக அடிக்கும், படிப்படியாக ஏற்றும், திடீரென்று இறக்கும். எந்தச் சுரம் விழவில்லை, எந்தப் படியில் வித்தியாசம் தெரியவில்லை என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு திருகாகத் திருப்ப வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை ஆகாது.

வேகமும் முக்கியம். சுருளின் தொடக்கத்தில் 70 என்று போட்டிருந்தால், காகிதம் நிமிடத்துக்கு 7 அடி நகர வேண்டும் என்று அர்த்தம். ஆனால், காகிதம் உருளையில் சுற்றச் சுற்ற உருளை தடிக்கும். காகிதத்தின் வேகமும் கூடிக்கொண்டே போகும். சுருளைச் செய்யும்போதே இதையும் கணக்கில் எடுத்திருப்பார்கள். பழுதுபார்க்கிறேன் என்று வேறு அளவு உருளையைப் பொருத்திவிட்டால், பாட்டின் கடைசிப் பகுதி இழுக்கும் அல்லது ஓடும்.

புதுக் கருவி, பழைய சுருள்

எல்லாம் சரிசெய்த பிறகும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. கம்பெனிகள் தங்கள் பாஷையை நடுவில் மாற்றிக்கொண்டன!

வெல்ட்டேவின் முதல் சுருள்கள் சிவப்புக் காகிதத்தில் வந்தன. அகலம் ஏறக்குறைய 13 அங்குலம். 1920-களின் நடுவில் வந்த பச்சைச் சுருள்களின் அகலமோ 11.25 அங்குலம். சிவப்புக்கான கருவியில் பச்சை ஓடாது, பச்சைக்கான கருவியில் சிவப்பு ஏறவே ஏறாது.

ஆம்பிக்கோவின் கதை இன்னும் நுட்பமானது. 1929-ல் அந்த கம்பெனி 'பி' மாடலைக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர் கிளாரன்ஸ் ஹிக்மேன் என்ற இயற்பியலாளர். ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டுடன் வேலை பார்த்தவர். பியானோ வாசிக்கும்போது சுத்தியல் எவ்வளவு வேகத்தில் கம்பியை நோக்கிப் போகிறது என்பதையே அளக்கும் முறையை அவர் உருவாக்கினார். அந்த வேகம்தானே சத்தம்!

'பி' அற்புதமான கருவி. அரை மணி நேரம் ஓடும் நீளச் சுருள்களைக்கூட அது ஏற்றுக்கொண்டது. முந்தைய 'ஏ' காலச் சுருள்களும் அதில் ஓடும். ஆனால், ஓடுவது வேறு, ஒலிப்பது வேறு. 'ஏ' மாடலில் இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று என இரண்டு கிரெசண்டோ அமைப்புகள் இருந்தன. 'பி'யில் இரண்டுக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று. 'இடக்கை மட்டும் மெல்ல ஏறட்டும், வலக்கை அப்படியே இருக்கட்டும்' என்று பழைய சுருள் கேட்டால், அதை அப்படியே செய்ய 'பி'க்கு வழி இல்லை.

அதற்குள் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. வானொலியும் மின்முறையில் பதிவான இசைத்தட்டும் ஏற்கெனவே வீடுகளைப் பிடித்துவிட்டன. 1932-ல் ஆம்பிக்கோவின் தாய் நிறுவனமும் டியோ-ஆர்ட்டின் ஏயோலியன் நிறுவனமும் இணைந்துவிட்டன. 1944 நவம்பரில் ஃப்ரைபுர்க் மீது குண்டு விழுந்தபோது வெல்ட்டே தொழிற்சாலையும் அழிந்தது. கடைசியில், பழைய சுருளையும் புதிய கருவியையும் ஒத்துப்போக வைக்கும் வேலை பழுதுபார்ப்பவர்கள், சேகரிப்பாளர்கள் தலையில் வந்து விழுந்தது.

கை வைக்கலாமா, கூடாதா?

இங்கேதான் இரண்டு கட்சி.

'பழைய சுருள் நன்றாக ஒலிக்க வேண்டும். அதற்காக ஒரு வால்வைச் சேர்த்தால் என்ன, ஒரு குழாயை மாற்றினால் என்ன? இசைக்காகத்தானே கருவி?' என்பது ஒரு கட்சி.

'இந்தக் கருவியும் ஒரு சரித்திர ஆவணம். இன்றைக்கு நம் காதுக்கு நன்றாகப் படுகிறது என்று துளை போட்டுவிட்டால், அசல் எப்படி ஒலித்தது என்று நாளைக்கு யாருக்குமே தெரியாமல் போய்விடும்' என்பது எதிர்க்கட்சி.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இப்போது பலரும் ஏற்கும் நடுவழி, 'திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற மாற்றம் மட்டும்' என்பதுதான். சேர்க்கும் பாகத்தை அசல் மரத்தில் துளையிடாமல் பொருத்த வேண்டும். கழற்றிய பாகத்தை லேபிள் ஒட்டிப் பத்திரமாக வைக்க வேண்டும். என்ன செய்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். கோயில் சிற்பத்தின் மேல் பளபளப்பாகப் பெயின்ட் அடித்துவிட்டுப் பிறகு வருத்தப்பட்ட கதைகள் நமக்குத் தெரியாதா என்ன?

கம்ப்யூட்டர் இன்னொரு வழியைத் திறந்திருக்கிறது. பழைய சுருளை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு துளையின் இடத்தையும் தரவாக மாற்றலாம். 'ஏ' பியானோவின் துருத்தி எவ்வளவு நேரத்தில் எவ்வளவு நகரும் என்று மென்பொருளில் கணக்கிட்டு, ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய சத்தத்தைக் கண்டுபிடிக்கலாம். அதை 'பி'யின் பாஷைக்கு மாற்றி, புதிய காகிதத்தில் துளையிட்டு ஓட்டலாம். அல்லது மின் வால்வுகள் மூலம் நேரடியாகவே பியானோவுக்குள் அனுப்பலாம். அசல் சுருளும் கிழியாது, அசல் கருவியும் மாறாது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இந்தத் திசையில் பெரிய அளவில் வேலை செய்கிறது. ஆஸ்திரேலியச் சேகரிப்பாளர் டெனிஸ் காண்டனின் 7,500-க்கும் மேற்பட்ட சுருள்களை 2014-ல் வாங்கி, ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவருகிறது. ஆனால், கணக்கு சரியா என்று பார்க்க, ஒழுங்காகச் சரிசெய்த ஓர் அசல் பியானோ பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். எனவே, துருத்தி ஒட்டுபவரின் வேலை போகவில்லை!

எதை நம்பலாம்?

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். சுருளில் இருப்பது எல்லாமே கலைஞரின் விரல் அல்ல. எந்தக் கட்டை எப்போது இறங்கியது, எப்போது எழுந்தது என்பது நேரடிப் பதிவு. ஆனால் சத்த அளவை, டியோ-ஆர்ட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் வாசிப்பைக் கேட்டபடியே குமிழ்களைத் திருப்பிப் பதிவுசெய்தார். பிறகு கலைஞரும் தொகுப்பாளரும் திருத்தினார்கள். வெல்ட்டே தன் பதிவு முறையை ரகசியமாகவே வைத்திருந்தது.

அப்படியானால் சுருள்களால் என்ன பயன்? டெபுஸியின் 'மூழ்கிய தேவாலயம்' நல்ல உதாரணம். 1910-ல் அச்சான இசைக்குறிப்பை வைத்துப் பலர் அதை வாசித்துவந்தார்கள். டெபுஸியே வாசித்த வெல்ட்டே சுருளைக் கேட்டபோதுதான், சில பகுதிகளை அவர் அச்சில் இருப்பதுபோல் இரு மடங்கு வேகத்தில் வாசிப்பது தெரிந்தது. அச்சில் விடுபட்டதைச் சுருள் காட்டிக்கொடுத்தது!

'பியானோவின் வேகம் தப்பாக இருந்திருக்கலாமே?' என்று கேட்கலாம். மொத்தச் சுருளும் மெதுவாக ஓடினாலும், ஒரே பாட்டுக்குள் ஒரு பகுதி இன்னொரு பகுதியைவிட இரு மடங்கு வேகம் என்பது மாறாது. எந்தக் கேள்விக்குச் சுருளை நம்பலாம், எதற்குக் கருவியைச் சந்தேகிக்க வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

நீங்களும் கேட்டுப் பார்க்கலாம்

யூடியூபில் இந்தச் சுருள்களின் வீடியோக்கள் நிறையக் கிடைக்கின்றன. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கும்போது இந்த நான்கையும் கவனியுங்கள்.

* மெல்லிய இடங்கள் உண்மையிலேயே மெல்லியதாக ஒலிக்கின்றனவா, அல்லது எல்லாம் ஒரே சத்தமா?

* மெட்டு பக்கவாட்டு இசையிலிருந்து தனியாக எழுந்து வருகிறதா?

* நடுநடுவே சுரம் விடுபடுகிறதா? விடுபட்டால் அது பெரும்பாலும் கருவியின் கசிவு. கலைஞரைத் திட்ட வேண்டாம்!

* எந்தக் கருவி, யார் எப்போது பழுதுபார்த்தது என்ற விவரத்தை வீடியோவின் கீழே கொடுத்திருக்கிறார்களா?

ஒரே சுருளின் இரண்டு வீடியோக்களை அடுத்தடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். ஒன்றில் மாலர் முரட்டு மனிதராகத் தெரிவார், இன்னொன்றில் மென்மையானவராக. இரண்டுக்கும் துளைகள் ஒன்றுதான். மாறியது, நடுவில் இருக்கும் தோலும் காற்றும்!